மூப்பைப் பாகம் பிரித்த வீடு

தாணுமாலையன் தன் இருபத்தொன்பதாம் வயதில், தாய்மாமனின் பதினாறாம் நாள் அடியந்திரத்தன்று காலையில், கிழவராக எழுந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. இடது முட்டி மடங்க மறுத்தது. வலது காதில் ஒன்றும் விழவில்லை. முந்தின நாள் மாலை வரை சாலைக் கடைவீதியில் வத்தல் மூட்டைகளை ஒற்றை ஆளாக லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தவர் அவர். அவருடைய மனைவி சரசம்மா பாயில் எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு மடியில் கிடந்த ஒரு வயது மகன் சுதீஷைப் பாயில் விட்டுவிட்டு அடுக்களைக்குப் போய் வெந்நீர் போட்டாள். வயசானவர்கள் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவக்கூடாது என்று அவளுடைய அம்மா சொல்லியிருந்தாள்.

இதில் அதிசயப்பட அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. நாஞ்சில் நாட்டிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் திருவனந்தபுரம் வந்து சாலை என்ற கடைவீதிக்குப் பின்னால் குடியேறிய குடும்பம் அது. மருமக்கள்வழிக்காரர்கள். மாமன் சொத்து மருமகனுக்கு, சகோதரியின் மகனுக்கு. பெற்ற பிள்ளைக்கு அப்பா மனமிரங்கிக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் அம்மா வீட்டுக்குப் போய் அங்குள்ள மாமனின் முகத்தைப் பார்க்க வேண்டியதுதான். வயல் அப்படித்தான் கை மாறியது, பித்தளை உருளி அப்படித்தான் கை மாறியது, மூப்பும் அப்படித்தான் கை மாறியது. அந்தக் குடும்பத்தில் எல்லாரும் முப்பது வயது வரைக்கும் ஊரோடு ஒத்து வளர்வார்கள். அதற்குப் பிறகு தோல் சுருங்காது, முடி நரைக்காது. நேரம் வரும்போது அப்படியே செத்தும் போவார்கள். குடும்பத்துக்கு என்று இருந்த மூப்பு ஒன்றே ஒன்று. அதைக் காரணவர், அதாவது குடும்பத்தின் மூத்த ஆண், எல்லாருக்குமாகச் சுமப்பார். அவர் போனால் அவருடைய பெங்களின், உடன்பிறந்தவளின், மூத்த மகனுக்கு அது வரும். பிறகு வயல்கள் போயின. மருமக்கள்வழியையே சட்டம் போட்டு எடுத்தார்கள். அந்தச் செய்தி வஞ்சியூர் கோர்ட்டுக்கு வந்தது, தாலுகா ஆபீசுக்கு வந்தது, வீட்டுக்கும் வந்தது. உடம்புக்கு மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை.

தாணுமாலையன் ஐம்பது வருஷம் அதே கிழவராக இருந்தார். முப்பத்தைந்தில் அவரைப் பேருந்தில் பார்த்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர் நன்றி சொல்லாமல் உட்கார்ந்துகொண்டார். எழுபது தாண்டியபோதுதான் வயதும் மூப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. அப்போது கடைவீதிக்காரர்கள், இப்போதுதான் அண்ணாச்சிக்கு இது பொருந்தியிருக்கிறது என்று, புதுச்சட்டையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டார்கள். அவருடைய தங்கை சூடாமணிக்கு இதற்கு நேர் எதிரான தொல்லை. அறுபத்தெட்டு வயதில் முப்பது வயதுக்காரியாக இருந்ததால் முதியோர் பென்ஷனுக்கு அவள் கொடுத்த மனு இரண்டு முறை திரும்பி வந்தது. ஆதாரைக் காட்டினால் அதிலிருக்கும் பிறந்த வருஷத்தைத்தான் எல்லாரும் சந்தேகப்பட்டார்கள். மகள் நாச்சியாருக்கு நாற்பது. இருவரும் சேர்ந்து பழவங்காடி கணபதி கோவிலில் தேங்காய் உடைக்கப் போனால் தேங்காய் விற்பவள் யார் அக்கா, யார் தங்கை என்று கேட்பாள். சூடாமணி தன்னைத்தான் தங்கை என்று சொல்வாள். நாச்சியாருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

நாச்சியார் வேலை பார்த்தது மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் ஒரு மரபணுப் பரிசோதனை நிலையத்தில். மார்த்தாண்டம், நாகர்கோவில், தக்கலை என்று தெற்கேயிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு டாக்டர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். கணவன் ஷிஜு ஆற்றிங்கலில் பேட்டரிக் கடையோடும் வேறொரு குடும்பத்தோடும் இருந்தான். அவனைப் பற்றி இதற்கு மேல் தேவையில்லை. ஒன்பது வயது மகள் நீது அவளோடு இருந்தாள். வருகிறவர்கள் நோயைவிட நோயின் பெயருக்குத்தான் அதிகம் நடுங்குகிறார்கள் என்பதை நாச்சியார் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கண்டுகொண்டாள். அதனால் ஒவ்வொரு பெயரையும் உரித்துக் காட்டுவதை வழக்கமாக வைத்திருந்தாள். குரோமோசோம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, நிறத்துக்கும் உடம்புக்கும் உள்ள கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது நன்றாகச் சாயம் பிடித்ததால் அந்தப் பெயர். ஜீன் என்பது பிறப்பு, வம்சம் என்ற பழைய சொல்லிலிருந்து கிள்ளி எடுத்தது. புரோஜீரியா என்று ஒரு பிள்ளையின் தாளில் எழுதியிருந்தால், மூப்புக்கு முன்னால் வந்த மூப்பு என்று அர்த்தம். இதைக் கேட்டதும் நோய் போய்விடாது. ஆனால் வந்தவர்கள் நாற்காலியில் சாய்ந்து உட்காருவார்கள்.

அவளுக்கு இந்தச் சொற்களைக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் ஜெயன். நாச்சியாரைவிடச் சின்னவர், மலையாளி, தமிழ் பாதி வரும். ஹெரிடிட்டி என்பது டாக்டர்கள் வக்கீல்களிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல் என்று அவர்தான் சொன்னார். லத்தீனில் அது சொத்துக்கு வாரிசாவதைக் குறித்தது; மூக்கும் சர்க்கரையும் வழுக்கையும் அதற்குள் நுழைந்தது எவ்வளவோ பிற்பாடு. நாச்சியார் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். ஜெயன் சிரிக்கவில்லை. எல்லாருடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். சுதீஷின் ரத்தத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. அவன் நெய்யாற்றின்கரைக்காரியான சரசம்மாவின் பிள்ளை, ஊரைப் போல நாளுக்கு நாள் மூப்படைந்து ஐம்பது வயதில் ஐம்பது வயதுக்கான வழுக்கையோடு இருந்தான். மற்றவர்களுடைய ரத்தத்தில்தான் விசேஷம் தெரிந்தது.

"சேச்சி, இந்த மைட்டோகாண்ட்ரியா உண்டல்லோ, அது அம்மாகிட்ட இருந்து மாத்திரம் வரும். அச்சனோடது ஒரு பொட்டுகூட வராது," என்றார் ஜெயன். "சட்டம் போனாலும் இந்தச் சாதனம் இப்பவும் மருமக்கத்தாயம்தான்."

மைட்டோகாண்ட்ரியா என்ற பெயரையும் நாச்சியார் அன்றே உரித்துக்கொண்டாள். இழை, குருணை. பார்த்தவன் கண்ணுக்கு நூலும் நொய்யரிசியுமாகத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து மாமாவுக்குச் சொன்னபோது அவர், "அப்ப கஞ்சி வைக்கலாமே" என்று மட்டும் கேட்டார்.

வைகாசி முடியும்போது தாணுமாலையன் சாப்பாட்டைக் குறைத்தார். ஜெயன் அவருடைய டெலோமியரை, குரோமோசோமின் நுனியில் வயதோடு தேய்ந்துகொண்டே வரும் துணுக்கை, அளந்து பார்த்து, நுனியில் கிட்டத்தட்ட ஒன்றும் மீதியில்லை என்றார். சூடாமணியுடையது இளம்பெண்ணுடையதைப் போல நீளமாக இருந்தது. வீட்டில் எல்லாருக்கும் அடுத்து என்ன என்பது தெரியும். மூப்பு சூடாமணியின் மகன் செல்வகணேஷுக்கு வரும். அவனுக்கு முப்பத்தொன்று, கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை, கம்பெனிக்காக ஆடும் கால்பந்து அணியில் இடதுபக்க ஆட்டக்காரன். நாகர்கோவில் வடசேரியைச் சேர்ந்த பொன்செல்வியோடு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மண்டபம் பேசியாகிவிட்டது. மாமா ஆவணியைத் தாண்டுவார் என்று யாரும் நம்பவில்லை. தாலி கட்டும் மாப்பிள்ளையைக் கைத்தாங்கலாக மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டிவரும் என்று சூடாமணி ஒருநாள் சொல்லிவிட்டு, அதையே நினைத்துக் கொண்டு மத்தியானம் வரைக்கும் அரிசி பொறுக்கினாள். செல்வகணேஷ் பந்தாடப் போவதை நிறுத்தவில்லை. திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து தன் இடது முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொள்வான். அதைப் பார்க்கத்தான் நாச்சியாரால் முடியவில்லை. தன் பத்து வயதில் அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள்.

பாகம் பிரிக்கலாம் என்ற யோசனை அவளுக்குத்தான் வந்தது. டெலோமியர் என்பதில் பின்பாதி கிரேக்கத்தில் பங்கு என்றும் பொருள்படும், கடைசிப் பங்கு. அதைப் பற்றி மார்த்தாண்டத்துக்காரர் ஒருவரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, மாமனின் சொத்தை முழுதாக ஒருவன் தலையில் கட்டத்தான் வேண்டுமா என்று தோன்றியது. வயல் இருந்த காலத்தில் எல்லாரும் கேட்டால் காரணவர் பாகம் வைத்துக் கொடுத்துத்தானே ஆகவேண்டும். முழுக் கிழவனாக ஒருவன் ஆவதற்குப் பதில் மூன்று பேர் ஆளுக்குக் கொஞ்சம் கிழமாகிவிட்டால் போயிற்று. அம்மா சம்மதித்தாள், பென்ஷன் மனுவுக்கு அது உதவக்கூடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். செல்வகணேஷ் முதலில் வேண்டாம் என்றான், பிறகு அழுதான், பிறகு சரி என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னறையில் விளக்கு ஏற்றிவைத்து தாணுமாலையனை நாற்காலியில் உட்கார்த்தினார்கள். பாகம் வைப்பதற்கென்று அந்தக் குடும்பத்தில் ஒரு முறை உண்டு: காரணவர் விளக்கின் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னதும் கை கழுவ வேண்டும். கழுவிய கைக்கு மறுபேச்சு கிடையாது. மூக்குவைத்த கிண்டிச் செம்பில் தண்ணீரோடு நின்றவன் சுதீஷ். வாட்டர் அதாரிட்டியில் மீட்டர் கணக்கெடுக்கிறவன் அவன். பதினைந்து வருஷமாகத் தினமும் மத்தியானம் சாலைப் பக்கத்து வீடுகளை முடித்துக்கொண்டு வந்து அப்பாவைக் குளிப்பாட்டி, தேநீரைச் சாஸரில் ஊற்றி ஆற்றிக் கொடுத்துவிட்டுப் போவான். மேசைக்கு அடியில் நீது படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, எனக்கு அந்த முட்டி மட்டும் போதும்," என்றான் சுதீஷ். யாரும் எதிர்பார்க்கவில்லை. "எண்ணெய் போட்டுப் போட்டு எனக்குப் பழகின முட்டியாக்கும். வேற ஒண்ணும் வேண்டாம்."

கிழவர் அவனைப் பார்த்தார். "உனக்கு வழியில்லடே," என்றார். "நீ சரசம்மைக்குப் பிள்ளை." பிறகு எப்போதும் சொல்கிறதைச் சொன்னார். "சாரமில்ல."

பரவாயில்லை என்பதற்கு அந்த ஊரில் அப்படிச் சொல்வார்கள். எல்லாருந்தான் சொல்வார்கள். தாணுமாலையன் வேறெதுவுமே சொல்லமாட்டார் என்பதுதான் விஷயம். வத்தல் கடை எரிந்தபோது சாரமில்ல. சூடான தேநீர் தொடையில் கொட்டித் தோல் உரிந்தபோது அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சாரமில்ல. சரசம்மா செத்த அன்று, தலைமாட்டில் விளக்கு வைத்திருந்த நேரத்தில், தேநீர் உண்டா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் சாரமில்ல. சுதீஷுக்கு அப்போது பதினெட்டு வயது. அதை அவன் மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை, ஆனாலும் குளிப்பாட்டினான். ஊருக்கு அவர் பெரிய மனசுக்காரர். எதற்கும் அசையாத மனிதர் என்று கடைவீதியில் மரியாதை.

"என்கிட்ட உள்ளது அம்புட்டும் தாவழியில உள்ளவங்களுக்கு ஆளோகரி," என்று சொல்லித் தாணுமாலையன் கையை நீட்டினார். சுதீஷ் தண்ணீர் ஊற்றினான்.

தாவழி என்றால் ஒரு தாய்வழியில் வந்தவர்கள். ஆளோகரி என்றால் ஆள் கணக்குக்குச் சமபங்கு. காரணவருக்கும் ஒன்று, கல்லூரி போகிறவனுக்கும் ஒன்று, தொட்டிலில் கிடப்பதற்கும் ஒன்று. வயிற்றிலிருப்பது உயிரோடு பிறந்தால் அதற்கும் ஒன்று உண்டு என்று வழக்காடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வயல் பாகம் வைத்த காலத்தில் இது ஆடு மேய்ப்பவனுக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் நாச்சியார் பிறக்கும்போதே வயல் இல்லை. கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் வேர் பார்த்தவள், வீட்டுக்குள் காதில் விழுந்துகொண்டிருந்த இந்தச் சொல்லை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. அம்மா, நான், தம்பி என்று மூன்று விரலை மடக்கி, போதும், தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மேசைக்கு அடியில் இருந்தவளை அவள் எண்ணவில்லை. பாகம் என்பது பெரியவர்கள் விவகாரம் என்று அவள் மனதில் கிடந்தது. இதைவிடப் பெரிய தப்பு அவள் வாழ்நாளில் செய்ததில்லை.

ஆனியில், மிதுன மழை பிடித்த வாரத்தில் தாணுமாலையன் போனார். கடைசி நாட்களில் நாச்சியார் பக்கத்தில் உட்கார்ந்து, பயப்படாமல் இருக்கட்டும் என்று, அபோப்டோசிஸ் என்ற சொல்லைச் சொன்னாள். உடம்பின் செல்கள் நேரம் வந்ததும் தாங்களே அடங்கிப்போவதற்கு அந்தப் பெயர். மரத்திலிருந்து இலை உதிர்வது என்று கிரேக்கத்தில் அர்த்தம், அவ்வளவுதான் மாமா, என்றாள்.

"அதுக்கு வலிக்குமா?" என்று கேட்டார்.

"வலிக்காது மாமா."

"எனக்கும் ஒண்ணும் தெரியல மோளே," என்றார். கொஞ்சம் கழித்து, "ரொம்பக் காலமா தெரியல" என்றார். நாச்சியார் அதை முட்டியைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

தைக்காட்டில் எரித்தார்கள். சுதீஷ் மதிலோரம் நின்று குடை பிடிக்காமல் அழுதான். பதினாறாம் நாள் காலையில் வீட்டில் எல்லாரும் சீக்கிரம் எழுந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாகம் ஒழுங்காகத்தான் நடந்திருந்தது, வாய்ச்சண்டைக்கு இடமில்லை. நாச்சியாரின் தலை பஞ்சுபோல வெளுத்திருந்தது, கிட்டத்தில் இருப்பது கலங்கித் தெரிந்தது. சூடாமணிக்கு வலது காது போயிருந்தது, கடைவாய்ப்பற்கள் இல்லை, கன்னம் உள்ளே போயிருந்தது. கண்ணாடியில் பார்த்து, முகம் அம்மாவைப் போல இருக்கிறது என்றாள். செல்வகணேஷுக்கு இடது முட்டியும் விடியற்கால இருமலும். அவன் கட்டிலிலிருந்து இறங்கி, ஓர் அடி எடுத்து வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவுதானா என்று சிரித்தான். பொன்செல்விக்குப் போனில் சொன்னபோது அவள், "முட்டிதானே, மண்டபத்துக்கு லிஃப்ட் உண்டும்லா" என்றாள். அந்தப் பெண்ணைப் பற்றி அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

நீது எழுந்து வந்து வெள்ளைத் தலையோடு நின்ற அம்மாவைப் பார்த்தாள். அப்போதுதான் சூடாமணிக்குச் சட்டென்று நினைவு வந்தது. "ஆளோகரின்னா இவளுக்கும் உண்டும்லா!" என்றாள். நாச்சியார் பிள்ளையை வெளிச்சத்துக்கு இழுத்துக் கொண்டுபோய்த் தலைமுடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். கறுப்பு. வாயைத் திறக்கச் சொன்னாள். பல் எல்லாம் உண்டு. காதில் மெல்லக் கூப்பிட்டாள், கேட்டது. முட்டியை மடக்கி நீட்டினாள், மடங்கியது, நீண்டது. இழுத்து அணைத்துக்கொண்டு பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் நேர்ந்தாள். நீது அணைப்புக்குள் அசையாமல் நின்றாள், அம்மா விட்டதும் பல் தேய்க்கப் போனாள்.

தேங்காயும் உடைத்தார்கள். கல்யாணமும் நடந்தது, மாப்பிள்ளை நொண்டியதை வந்தவர்கள் பந்தாட்டத்தில் பட்ட அடி என்று எடுத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு முன்பே, ஆடியில், கர்க்கடக மழையில் ஒருநாள், கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார். திருவனந்தபுரத்தில் பிள்ளை உள்ள வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், அந்த அறிவிப்பு வரும் நேரத்தில் தெருவிலிருந்து எழும் சத்தம் எப்படிப்பட்டது என்று. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் கூத்தாடினார்கள். நாச்சியார் செய்தியைச் சொல்ல ஓடிப்போனாள். போன வருஷம் இதே செய்திக்குக் கட்டிலில் குதித்துப் பலகையை உடைத்தவள் நீது. இந்த முறை ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "சாரமில்ல" என்றாள்.

நாச்சியார் அதைக் கேட்டாள், பொருட்படுத்தவில்லை. ஊர்ப் பேச்சுத்தானே. பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். நீது படிக்கட்டில் விழுந்து முழங்கை எலும்பு விலகியிருந்தது. டீச்சர் பயந்துபோயிருந்தார், எலும்பு விலகியதற்கு அல்ல. பிள்ளை எழுந்து, கையைப் பார்த்துவிட்டு, வகுப்புக்குப் போய் மீதி நேரமும் உட்கார்ந்திருந்திருக்கிறாள். உயிர்த் தோழி அப்பாவின் மாற்றலோடு கண்ணூருக்குப் போனபோது ஆட்டோ திரும்பும் முன்பே உள்ளே வந்துவிட்டாள். சங்குமுகத்தில் கடலைப் பார்த்து நின்ற நிற்பில் நாச்சியார் அடையாளம் கண்டுகொண்டாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, வரும் அலையையும் போகும் அலையையும் ஒன்றுபோலப் பார்க்கிற அந்த நிற்பு தாணுமாலையனுடையது. 

வீட்டுக்கு வந்ததும் நாச்சியார் அம்மாவின் இடது காதுப் பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். "அம்மா, மாமா அழுது நீ கண்டிருக்கியா?"

"யாரு, அண்ணனா?" என்றாள் சூடாமணி. "இளம் பிராயத்துல அவன் அழுகுணியாக்கும். சினிமாக் கொட்டகைக்கு அவனைக் கொண்டுபோகவே மாட்டாவ, பாட்டு தொடங்கினாலே அழுவான். சரசம்மையைப் பொண்ணு பாக்கப்போன இடத்துல சந்தோசத்துல அழுதான், நாங்க எல்லாம் சிரிச்சு..." அவள் நிறுத்தினாள். "எங்க மாமாக்க பதினாறுக்குப் பொறவு கண்டதில்லை," என்றாள். அதைச் சொன்னபிறகுதான் அவளுக்கே புரிந்தது.

மூப்பு என்றால் முடி, முட்டி, காது, கண் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அதில் பெரிய பங்கு வேறொன்று. அது கண்ணாடியில் தெரியாது. உள்ளவருக்கும் தெரியாது, ஏனென்றால் தெரிவதற்கான இடத்தில்தான் அது உட்கார்ந்திருந்தது. ஐம்பது வருஷம் அதை வைத்திருந்தவரைப் பெரிய மனசுக்காரர் என்றும் கல்நெஞ்சர் என்றும் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாச்சியார் ஜெயனிடம் ஓடினாள். அவர் பிள்ளையைச் சோதித்து, எல்லாம் சாதாரணம் என்றார். இதற்கு ஒரு பெயராவது சொல்லுங்கள், அதையாவது பிரித்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவர் சில பெயர்களைச் சொன்னார். எல்லாவற்றிலும் முன்னால் ஓர் இல்லை, பின்னால் ஓர் உணர்ச்சி. பிரித்தாலும் ஒட்டவைத்தாலும் அவ்வளவுதான் வந்தது. இத்தனை வருஷமாக எத்தனையோ பேரை நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்தவள் அன்று நுனியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

திருப்பி வாங்க முடியுமா என்று பார்த்தாள். விளக்கை ஏற்றி, என் பங்கை அம்மாவுக்குக் கொடுக்கிறேன் என்று பிள்ளையைச் சொல்லவைத்து, கிண்டித் தண்ணீரில் கை கழுவவைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கழுவிய கைக்கு மறுபேச்சு இல்லை. நீது சொல்லச் சொன்னதையெல்லாம் சொன்னாள், ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

சுதீஷிடம் நாச்சியார் போய்ச் சொன்னது அதற்குப் பிறகுதான். சாலையில் ஒரு வீட்டு மதிலுக்குள் குனிந்து மீட்டர் மூடியைத் திறந்துகொண்டிருந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"அப்ப அம்மை செத்த அன்னைக்கு..." என்றான்.

"தெரிஞ்சிருக்காது அத்தான். மாமாவுக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது. அது மாமாக்க சுபாவம் இல்ல. அவருக்க மாமாகிட்ட இருந்து வந்ததாக்கும்."

சுதீஷ் மூடியை மூடிவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாகும்வரைக்கும் குளிப்பாட்டியும் அவன் ஒருநாள்கூட அப்பாவோடு உட்கார்ந்து பேசியதில்லை. கோபம் அவ்வளவு இருந்தது. இப்போது அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. "அழுகுணியா?" என்று இரண்டாம் முறையும் கேட்டான். "பொண்ணு பாக்கப்போன இடத்துலயா?"

மறுநாள் மத்தியானம் அவன் பழையபடி வந்தான். முழங்கைக் கட்டோடு பள்ளிக்கூடம் போகாமல் நீது தாணுமாலையனின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுதீஷ் பருப்புவடைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தான். தேநீரைச் சாஸரில் ஊற்றி, ஊதி ஆற்றி, அவள் முன்னால் நீட்டினான். கை பழக்கத்தில் தானாகச் செய்தது. அவள் வாங்கி, விளிம்பில் வாய் வைத்து, கண்ணை மூடாமல், மெதுவாக உறிஞ்சினாள். அவர் உறிஞ்சுவதும் அப்படித்தான். பிறகு சுதீஷ் பேசத் தொடங்கினான். அம்மை செத்ததை, கடை எரிந்ததை, ஒன்பதாம் வகுப்பில் தான் தோற்றபோது அப்பா ஒரு சொல்கூடத் திட்டாததை, திட்டியிருக்கலாம் என்று தோன்றியதை, எல்லாவற்றையும் வரிசையில்லாமல் சொன்னான். நீது கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு முறைகூட முகத்தைத் திருப்பவில்லை.

நாச்சியார் அடுக்களை வாசலில் நின்றாள். ஒரு வெள்ளை முடி வாயோரம் ஒட்டியிருந்தது. அதை எடுக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. தம்பிக்காகச் செய்தது மகளின் தலையில் போய் விழுந்ததே என்று உடைந்து அழுதாள். நீது சாஸரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கட்டுப் போடாத கையால் அம்மாவின் கன்னத்தைத் துடைத்தாள். "சாரமில்லம்மா," என்றாள். குரல் பிள்ளையுடையதுதான்.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. சூடாமணிக்குப் பென்ஷன் கிடைத்தது. செல்வகணேஷுக்கு ஓர் ஆண் குழந்தை. பொன்செல்வியின் பிள்ளையானதால் அவனைப் பற்றிக் கவலையில்லை. நாச்சியார் தலைக்குச் சாயம் போடவில்லை; நிலையத்துக்கு வருகிறவர்கள் வெள்ளைத் தலையைப் பார்த்து, சொற்களைப் பிரித்துக் காட்டும் முன்பே நம்பிவிடுகிறார்கள். நீது நன்றாகப் படிக்கிறாள். கலெக்டர் லீவு விட்டாலும் விடாவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான். சுதீஷ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மத்தியானமானால் வந்துவிடுகிறான். சாஸரில் தேநீர் ஊற்றிக் கொடுத்து, பேசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் போகிறான். தங்கள் வீட்டுத் துக்கத்தை நீதுவிடம் சொல்லக் கடைவீதியிலிருந்தும் ஒருவர் இருவர் வருவதுண்டு. அவள் அழாததைப் பற்றி இப்போது வீட்டில் யாரும் பேசுவதில்லை. அழுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.